கொல்லையில் குளம்: சிமெண்டா, ஷீட்டா, உறையா, ரெடிமேட் தொட்டியா?

மாசிக் கடைசியிலிருந்து வைகாசி வரை கொல்லையில் குழி தோண்ட ஏற்ற காலம். மண் காய்ந்து நிற்கும், நிலத்தடி நீர் இறங்கியிருக்கும், மழை வந்து குழியின் ஓரத்தைச் சரிக்காது. ஐப்பசி மழைக்குள் குளத்து நீர் நிலைப்பட்டு, அல்லி வேர்பிடித்து, மீன் பழகிவிடவும் அவகாசம் இருக்கும். மண் காய்ந்து கிடக்கும் இந்தக் காலத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. பங்குனியில் நான்கு அடி தோண்டியும் ஈரம் தட்டாத அதே இடத்தில் கார்த்திகையில் ஒரு அடியிலேயே நீர் ஊறலாம். வீட்டுக் குளங்கள் பல பழுதாவது இந்த ஊற்றாலும் மண்ணின் அசைவாலும்தான். அதனால் எந்த வகைக் குளம் என்பதை உங்கள் மண்ணையும் மழைக்கால நீர்மட்டத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள். பணம் அதற்கு அடுத்தது. அழகு கடைசி, கரையில் கல் வைத்துச் செடி நட்ட பிறகு நான்கு வகையும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஒப்பிட வசதியாக 8 அடி நீளம், 6 அடி அகலம், 2 அடி ஆழம் என்ற ஒரே அளவை எடுத்துக்கொள்வோம். செங்குத்துச் சுவரோடு இருந்தால் 96 கன அடி, அதாவது சுமார் 2,700 லிட்டர். ஓரத்தைச் சரிவாக வெட்டி, செடி வைக்க ஒரு படியும் விட்டால் 2,000 லிட்டர் அளவில் நிற்கும். 2 அடிக்குக் குறைந்த ஆழம் நம் வெயிலுக்குத் தாங்காது. ஓரடித் தண்ணீர் சித்திரைப் பிற்பகலில் கொதிப்பேறிவிடும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 35 டிகிரியில் அது 7-க்கு இறங்கிவிடும், அதே சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடும். 3 அடியைத் தாண்டினால் வேறு கவலை: குழந்தைகள் உள்ள வீட்டில் வேலியும், மேலே கம்பி வலைச் சட்டமும் இல்லாமல் அந்த ஆழம் வேண்டவே வேண்டாம். நடக்கப் பழகிய குழந்தைக்கு ஓரடித் தண்ணீரே ஆபத்து. ஆகவே 2 அடிக் குளத்துக்கும் வலைச் சட்டத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மொட்டை மாடியில் கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. ஏறி நடமாடும் மாடித் தளத்துக்கு வடிவமைப்பில் எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுதான். 2 அடித் தண்ணீர் மட்டுமே சதுர மீட்டருக்கு 600 கிலோ.

முதலில் மண்ணைக் கேளுங்கள்

கடப்பாரை எடுக்கும் முன் மூன்று காரியம். குளம் வரப்போகும் இடத்தில் ஓரடி அகலம், இரண்டடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, மாலையில் நீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். காலையில் குழி காலியாக இருந்தால் மணற்பாங்கு. பாதிக்கு மேல் நின்றால் களி. அடுத்து, வெட்டிய மண்ணை ஈரமாக்கி விரலிடையில் நாடா உருட்டுங்கள். இரண்டு இஞ்ச் நீளத்துக்கு அறுபடாமல் வந்தால் களிமண் அதிகம். கறுத்த மண்ணாக இருந்து, கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்தால் அது கரிசல்.

மூன்றாவது, பக்கத்து வீட்டுக் கிணற்றில் கார்த்திகை மாதம் நீர் எந்த உறை (சிமெண்ட் வளையம்) வரை ஏறுகிறது என்று கேளுங்கள். கிணறு இல்லையென்றால், மழைக்காலத்தில் கழிவுநீர்த் தொட்டி வடியாமல் நிற்கிறதா என்று கேட்டாலே போதும். சென்னையின் வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்ற தாழ்ந்த பகுதிகளில் வடகிழக்குப் பருவமழையின்போது தண்ணீர் தரைமட்டத்தையே தொடும். இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்தால் கீழே உள்ளவற்றில் பாதியைப் படிக்காமலே தள்ளிவிடலாம்.

மரங்களையும் பாருங்கள். வேம்பும் புங்கையும் இலை உதிர்ப்பது சரியாக இந்த மாசி–பங்குனியில்தான். புதுக் குளத்தில் இரண்டு வாரம் சருகு விழுந்தால் நீர் தேயிலைச் சாயம் ஏறி, அடியில் அழுகி, ஆக்சிஜனைத் தின்றுவிடும். இலை விழும் வட்டத்துக்கு வெளியே தோண்டுங்கள். அரசு, ஆல் கன்றுகள் சுவர் விரிசலில் முளைத்திருந்தால் இப்போதே வேரோடு எடுத்துவிடுங்கள்.

ஷீட் விரித்த குளம்

செலவு குறைவு, வேலை இரண்டு நாள், வேண்டாமென்றால் சுருட்டி எடுத்துவிட்டுக் குழியை மூடலாம். வெடிக்கும் கரிசலுக்கும், சரியும் கடற்கரை மணலுக்கும் இதுதான் முதல் தேர்வு. மண் அசைந்தால் ஷீட்டும் கூடவே அசையும், விரிசல் விடாது.

ஷீட்டின் அளவுக்குக் கணக்கு எளிது: நீளத்தோடு இரண்டு மடங்கு ஆழம், அதோடு இருபுறமும் ஓரடி. நம் குளத்துக்கு 8+4+2 = 14 அடி; அகலத்துக்கு 6+4+2 = 12 அடி. உள்ளே படி வெட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. ஒரே துண்டாக வாங்குங்கள். இரண்டு துண்டைத் தைத்தோ பசை ஒட்டியோ சேர்த்தது ஒரு கோடை தாங்காது. பிளாஸ்டிக் ஷீட்டில் சூட்டில் உருக்கி ஒட்டிய இணைப்பு மட்டுமே நிற்கும், அதற்கான கருவி எல்லா ஊரிலும் கிடைக்காது.

எந்த ஷீட் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அசோலா பாத்திக்கு விரிக்கும் சில்பாலின் வகை நல்ல தொடக்கம்; வெயில் தாங்கும் பூச்சு உண்டா என்று கேட்டு, 250 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) அல்லது அதற்கு மேல் எடுங்கள். மெல்லிய நீலத் தார்ப்பாய் ஓராண்டிலேயே மடிப்புகளில் பொடிந்துவிடும். அதற்கு மேல் நிலை, பண்ணைக்குட்டைக்குப் போடும் 500 மைக்ரான் எச்.டி.பி.இ. ஜியோமெம்பரேன் என்ற தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, ஐ.எஸ். 15351 என்ற இந்தியத் தர முத்திரை இருந்தால் நம்பி வாங்கலாம். இது விறைப்பானது. 8×6 போன்ற சிறு குளத்தின் மூலைகளில் மடிப்பு தடியாக நிற்கும், நிழலில் விரித்தால் படியவே படியாது. ஒரு மணி நேரம் வெயிலில் காயவைத்து, இளகிய பிறகு இறக்குங்கள். மிக நல்லது இ.பி.டி.எம். ரப்பர் ஷீட், 1 மில்லிமீட்டர் தடிமன். துணிபோல் எல்லா வளைவிலும் படியும், இருபது ஆண்டும் தாண்டும். விலை அதற்கேற்றபடி பல மடங்கு. வளைந்து நெளிந்த வடிவம்தான் வேண்டும் என்றால் மட்டும் அந்தப் பணத்தைச் செலவழியுங்கள். செவ்வகக் குழிக்கு அது தேவையில்லை.

பிளெக்ஸ் பேனரைத் தண்ணீர் தாங்கும் விரிப்பாகப் போடாதீர்கள், வெயிலில் வெடித்துவிடும். ஷீட்டுக்கு அடியில் மெத்தையாகப் போட அதைவிட மலிவானது கிடையாது. குழியில் கல், வேர் நுனி, கண்ணாடித் துண்டு எல்லாம் பொறுக்கி, 2 இஞ்ச் சலித்த மணல் பரப்பி, பேனரோ பழைய சாக்கோ இரண்டு அடுக்கு போட்டு, அதன் மேல் ஷீட். மணற்பாங்கான மண்ணில் ஓரத்தை 45 டிகிரி சரிவாக வெட்ட வேண்டும். களியில் செங்குத்துக்குப் பக்கமாக வெட்டினாலும் நிற்கும். கரை நான்கு பக்கமும் ஒரே மட்டமாக இருக்கிறதா என்று டியூப் மட்டம் (நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்) வைத்துப் பாருங்கள். ஒரு இஞ்ச் சாய்ந்தாலும் தாழ்ந்த பக்கம் தண்ணீர் வழியும், உயர்ந்த பக்கம் ஷீட் வெயிலில் தெரியும். மெதுவாக நீர் நிரப்பிக்கொண்டே மடிப்புகளை இழுத்துவிடுங்கள். முழுக்க நிரம்பி ஒரு நாள் ஆன பிறகே ஓரத்தை வெட்டுங்கள். நீரின் எடையில் ஷீட் இன்னும் சில இஞ்ச் உள்ளே போகும்.

ஷீட் சாவது எப்போதும் நீர்மட்டத்துக்கும் கரைக்கும் இடைப்பட்ட அந்த நான்கு இஞ்சில்தான். கடப்பாக் கல்லை நீர்ப்பக்கம் இரண்டு இஞ்ச் நீட்டி வைத்தால் நிழல் விழும். கல்லின் கீழ் மண் நிரப்பிய சாக்கும் வைத்தால் ஆயுள் இரட்டிப்பாகும்.

இரண்டு இடங்களில் ஷீட் வேண்டாம். ஒன்று, பெருச்சாளி வளை உள்ள கொல்லை. அடியில் குடைந்து வந்து கடித்துவிடும். ஓட்டை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும். இரண்டாவது, ஊற்று ஏறும் தாழ்ந்த மனை. கீழிருந்து வரும் நீர் ஷீட்டை நடுவில் குமிழாகத் தூக்கிவிடும். அங்கேயும் ஷீட்தான் போட முடியும் என்றால், கரையைத் தரையைவிட 9 இஞ்ச் உயர்த்துங்கள். குழியின் ஓரத்தில், ஷீட்டுக்கு வெளியே, துளையிட்ட 2 இஞ்ச் பி.வி.சி. பைப் ஒன்றை அடிவரை நட்டுவையுங்கள். ஊற்று ஏறும்போது அதன் வழியே சிறு மோட்டாரால் நீரை இழுத்துவிடலாம். மழைக்காலத்தில் குளத்தை மட்டும் காலி செய்யக் கூடாது. உள்ளே இருக்கும் நீரின் எடைதான் ஷீட்டை அழுத்திப் பிடித்திருக்கிறது.

செங்கல்–சிமெண்ட் தொட்டி

உறுதியான செம்மண், கிராவல் நிலத்துக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை. எலி கடிக்காது, இறங்கி நின்று கழுவலாம், அடியில் வடிகால் வைக்கலாம். நிலம் சற்றுச் சரிந்த மனை என்றால் அந்த வடிகால் ஒன்றே போதும், மோட்டார் இல்லாமல் குளத்து நீரைக் காய்கறிப் பாத்திக்குத் திருப்ப. இந்த வசதி வேறு எந்த வகையிலும் இவ்வளவு எளிதாக வராது.

நம் அளவுக்கு வேண்டியவை: அடித்தளம் 4 இஞ்ச் காங்கிரீட், 1:1½:3 கலவை (சிமெண்ட்:மணல்:ஜல்லி), அதற்குள் 8 மி.மீ. கம்பி ஆறு இஞ்ச் இடைவெளியில் இரு திசையிலும். கம்பி ஏறக்குறைய 30 கிலோ பிடிக்கும். சுவர் இரண்டரை அடி உயரம்; நாலரை இஞ்ச் சுவருக்கு 400 செங்கல், ஒன்பது இஞ்ச் சுவருக்கு 800. இறுகிய செம்மண்ணுக்குள் புதைந்திருக்கும் தொட்டிக்கு மட்டும் நாலரை போதும். தரைக்கு மேல் ஓரடிக்கு மேல் எழும்பினாலோ மண் களியாக இருந்தாலோ ஒன்பது இஞ்ச் கட்டுங்கள். நாலரை இஞ்ச் சுவர் என்றால் எல்லாம் சேர்த்து 8 முதல் 9 மூட்டை சிமெண்ட் ஆகும்.

ஒழுகுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். சுவரும் தரையும் சேரும் மூலை முதலாவது. அங்கே 2 இஞ்ச் சாய்வாகக் கலவை வைத்து வட்டம் பிடிக்கச் சொல்லுங்கள். பைப் சுவரைத் துளைக்கும் இடம் இரண்டாவது. கட்டிய பிறகு உடைத்துப் பைப் செருகினால் அது ஒழுகியே தீரும். காங்கிரீட் போடும் முன்பே வடிகால் பைப்பையும் வழிந்தோடும் பைப்பையும் அந்தந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். மூன்றாவது, பூச்சு வேலையை இரண்டு நாளாகப் பிரித்ததால் விழுந்த இணைப்பு. உள்பூச்சு 1:3 சிமெண்ட்–மணல் கலவையில், நீர்த்தடுப்பு மருந்து கலந்து (50 கிலோ மூட்டைக்கு 200 மி.லி. என்பது பரவலான அளவு, டப்பாவில் போட்டிருப்பதைப் பின்பற்றுங்கள்) ஒரே நாளில் முடிய வேண்டும். பூசிய மறுநாளிலிருந்து பத்து நாள் ஈரச் சாக்குப் போட்டு க்யூரிங். பங்குனி வெயிலில் ஒரு நாள் தவறினாலும் பூச்சில் மயிரிழை விரிசல் ஓடும். உள்ளே தார் வண்ணம் அடிக்காதீர்கள். குடிநீர்த் தொட்டிக்கு ஏற்ற சிமெண்ட்–பாலிமர் பூச்சு போதும்.

கரிசலில் சிமெண்ட் தொட்டி கட்டியே ஆகவேண்டுமென்றால், அடியிலும் சுற்றிலும் ஒன்றரை அடிக்குக் கரிசலை அள்ளிவிட்டுக் கிராவல் நிரப்பி இடித்து இறுக்க வேண்டும். அந்தச் செலவைக் கூட்டிப் பார்த்தால் நல்ல ஷீட் இரண்டு வாங்கிவிடலாம்.

ஊற்று ஏறும் மனைக்கு ஒரு கணக்கு. நாலரை இஞ்ச் சுவரோடு கட்டிய இந்தத் தொட்டி காலியாக இருக்கும்போது சுமார் 3 டன் எடை. சுற்றிலும் நீர் தரைமட்டம் வரை ஏறினால், கீழிருந்து தள்ளும் விசை 4 டன்னை நெருங்கும். கழுவுவதற்கென்று ஐப்பசியில் காலி செய்த தொட்டி ஒரு பக்கம் எழும்பி வெடிப்பது இதனால்தான். கழுவும் வேலையை மாசியிலோ ஆடியிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டியவுடன் மீன் விட முடியாதது சிமெண்டின் உண்மையான குறை. புதுப் பூச்சிலிருந்து சுண்ணாம்பு இறங்கி நீரின் பி.எச். (அமில–கார அளவு, 7 நடுநிலை) 10-க்கு மேல் போகும். நீர் நிரப்பி மூன்று நாள் வைத்து வடித்துத் தேய்த்துக் கழுவுங்கள். இரண்டாம் முறை நிரப்பும்போது வாழைத்தண்டை இரண்டு மூன்று பெரிய துண்டாக வெட்டிப் போட்டு ஒரு வாரம் ஊறவிடுங்கள். தண்டு அழுகும்போது வரும் அமிலமும் கரியமில வாயுவும் சுண்ணாம்பைக் கட்டிவிடும். நாறும், அந்த நீரை முழுதும் வெளியேற்றிவிட்டு மூன்றாம் முறை நிரப்புங்கள். 48 மணி நேரம் கழித்து, வண்ணமீன் கடையில் கிடைக்கும் சொட்டு மருந்தால் சோதித்து, பி.எச். 8.5-க்குக் கீழ் நின்றால்தான் அடுத்த கட்டம். ஆக, சிமெண்ட் தொட்டிக்குக் கட்ட ஒரு வாரம், ஆற ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிணற்று உறை

சிறிய கொல்லைக்குப் பெரும்பாலானோர் நினைத்துப் பார்க்காத நல்ல வழி இது. சிமெண்ட் உறை வார்க்கும் பட்டறை ஏறக்குறைய எல்லா ஊரிலும் உண்டு. 4 அடி விட்டம், ஓரடி உயர உறை இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், மேலே 3 இஞ்ச் விட்டு நிரப்பி 600 லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். ஓர் அல்லித் தொட்டி, இருபது சிறு மீனுக்கு அது போதும். வட்டமாக இருப்பதால் நீரின் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். மூலை இல்லை, மூலை ஒழுகலும் இல்லை.

உறையைவிட ஆறு இஞ்ச் அகலமாக 4 இஞ்ச் காங்கிரீட் தளம் போட்டு, அது ஈரமாக இருக்கும்போதே முதல் உறையை ரசமட்டம் பார்த்து இறக்குங்கள். இரண்டு உறை சேரும் விளிம்பைக் கொத்தி, நனைத்து, 1:3 கலவை வைத்து, உள்ளேயும் வெளியேயும் பூச வேண்டும். பட்டறை உறைகள் மெல்லியவை, உள்முகம் துளைதுளையாக இருக்கும். நீர்த்தடுப்பு மருந்து கலந்த சிமெண்ட் பால் இரண்டு கை அடித்தால் கசிவு நிற்கும். வாழைத்தண்டு ஊறல் இதற்கும் கட்டாயம். கீழ் உறையை மண்ணுக்குள்ளும் மேல் உறையைத் தரைக்கு மேலும் வைத்தால் கோடையில் அடிநீர் குளிர்ச்சியாக இருக்கும், கைக்குழந்தை தவழ்ந்து விழாது, உட்காரத் திண்ணையும் ஆகும். ஊற்று ஏறும் மனையில் இரண்டையுமே தரைக்கு மேல் வைத்துவிடலாம். அந்த நிலத்துக்கு எங்கள் தேர்வு இதுதான்.

ரெடிமேட் தொட்டியும் களிமண் குட்டையும்

ஃபைபர் தொட்டி வேலையில் மிக எளிது. கட்ட வேண்டியதில்லை, ஆற வேண்டியதில்லை, கழுவியவுடன் நீர் ஊற்றலாம். பணம் அதிகம், கடையில் இருக்கும் வடிவமே உங்களுக்குக் கிடைக்கும், பெரும்பாலானவை ஒன்றரை அடி ஆழத்தைத் தாண்டாது. புதைக்கும்போது குழியை நான்கு இஞ்ச் பெரிதாக வெட்டி, அடியில் மணல் மட்டம் போட்டு, உள்ளே அரை அடி நீர், வெளியே அரை அடி மணல் என்று மாற்றி மாற்றி நிரப்ப வேண்டும். நீர் இல்லாமல் வெளிப்பக்கம் மண்ணை இடித்தால் சுவர் உள்வாங்கும். ஊற்று ஏறும் இடத்தில் இது மிக எளிதாக மிதக்கும், புதைக்கவே வேண்டாம். வாடகை வீட்டுக்காரர் பழைய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியைப் பாதியாக அறுத்து, விளிம்பைத் தேய்த்து, முக்கால் பங்கு மண்ணில் இறக்கினால் இதே பயன் மிகக் குறைந்த செலவில் கிடைக்கும். புதைக்காமல் வைத்தால் அறுத்த வாய் அகன்றுகொண்டே போகும்.

வெறும் களிமண் பூசிய குட்டையைக் கொல்லைக்குப் பரிந்துரைக்க மாட்டோம். ஊருணி நிற்பது அதன் பரப்பாலும், ஆண்டாண்டாகச் சேர்ந்த வண்டலாலும். 48 சதுர அடிக் குழியில் நீர்மட்டம் இறங்கும் ஒவ்வொரு முறையும் ஓரக் களி காய்ந்து வெடிக்கும், அடுத்த நிரப்பில் அங்கேயே கசியும்.

நீர், மீன், கொசு

எந்த வகையானாலும் முதல் ஆறு வாரம் பொறுமை வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா புதுக் குளத்தில் இல்லை. வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சிமெண்ட் குளத்துக்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டிய காரணம் இருக்கிறது. 30 டிகிரி நீரில், பி.எச். 7-ஆக இருந்தால் அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இராது. 8-ல் ஏழு பங்கு, 9-ல் ஏறத்தாழப் பாதி நச்சாகிவிடும். ஷீட் குளத்தில் பிழைக்கும் அதே மீன் சுண்ணாம்பு இன்னும் போகாத சிமெண்ட் தொட்டியில் செத்து மிதப்பது இதனால். முதலில் செடியும் ஐந்தாறு சிறு மீனும் மட்டும் விடுங்கள், மூன்று நாளுக்கு ஒரு சிட்டிகை தீனி போதும். மாநகராட்சிக் குழாய் நீர் என்றால் நிரப்பிய பின் இரண்டு நாள் திறந்த வெயிலில் விட்டுக் குளோரின் போகவிடுங்கள்.

கொசுவுக்குப் பயந்து குளத்தைக் கைவிட வேண்டாம். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். அதற்குள் புழுவைத் தின்னும் மீன் இருந்தால் போதும். ஆபத்து மீன் இல்லாத அந்த முதல் வாரங்களில்தான். சிமெண்ட் ஆறும் காலத்தில் ஏழு நாளுக்குள் நீரை வடித்துவிடுங்கள், அல்லது பி.டி.ஐ. எனப்படும் புழுக்கொல்லி பாக்டீரியா தூளைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் தூவுங்கள். அது மீனையும் தவளையையும் பாதிக்காது. கொசுப்புழுவுக்கென்று விடும் கம்பூசியா என்ற வெளிநாட்டு மீன் வேண்டாம். தலைப்பிரட்டையையும் பிற மீனின் குஞ்சையும் தீர்த்துவிடும், வழிந்து வாய்க்காலில் சேர்ந்தால் திரும்பப் பிடிக்க முடியாது. நெற்றியில் வெள்ளிப் பொட்டு மின்னும் முண்டக்கண்ணி நம் ஊர் மீன், நீரின் மேல்பரப்பிலேயே வேட்டையாடும். அது கிடைக்காவிட்டால் கப்பி. சென்னைக்காரர்களுக்குக் கொளத்தூர் வண்ணமீன் சந்தை இருக்கிறது. தங்கமீன் ஆசை இருந்தால் ஒன்றுக்கு 75 முதல் 100 லிட்டர் கணக்கிடுங்கள். உறைத் தொட்டிக்கு அதிகபட்சம் ஆறு. கோய் மீனுக்கு இங்கே சொன்ன எந்தக் குளமும் போதாது.

மோட்டார் கட்டாயமில்லை. மீன் குறைவாக, செடி நீர்ப்பரப்பில் பாதியை மூடியிருந்தால் குளம் தானாக நடக்கும். தங்கமீன் வைத்தால் மணிக்கு 1,000 முதல் 2,000 லிட்டர் தள்ளும் மோட்டார் வேண்டும். 40 வாட் மோட்டார் இரவு பகலாக ஓடினால் மாதம் 29 யூனிட் ஆகும். அந்த இணைப்பில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் குளத்துக்குள் கை விடாதீர்கள்.

தோண்டிய மண்ணும் தோட்டமும்

குளத்திலிருந்து வரும் மண்ணை ஒரே குவியலாகக் கொட்டுவதுதான் வழக்கமான இழப்பு. மேலிருந்து 9 இஞ்ச் வரை உள்ளது உயிருள்ள மண். நம் அளவில் 36 கன அடி. அதைத் தனியே வைத்து, மூன்றில் ஒரு பங்கு மட்கிய தொழுவுரம் கலந்தால் 8×4 அடியில் ஓரடி உயரப் பாத்தி ஒன்று போக மிச்சமும் இருக்கும். அடிமண் சுமார் 60 கன அடி. அதில் செடி வராது, கரை உயர்த்தவும் நடைபாதை மேடாக்கவும் பயன்படுத்துங்கள். அல்லிக்குத் தொட்டி மண் வேண்டுமென்றால் குளத்து வண்டலோ களியோ மூன்று பங்கு, நன்றாக மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு, மேலே ஓர் இஞ்ச் கழுவிய மணல். தென்னைநார்த் துகள் கலந்த மண் மிதந்து குளம் முழுதும் பரவும், போடாதீர்கள். அல்லியின் குருத்துக்கு மேல் முதலில் ஆறு இஞ்ச் நீர் இருக்கும்படி செங்கல் அடுக்கி வைத்து, இலை மேலே வர வர இறக்குங்கள். தாமரை, கோரை, நாணலை ஷீட் குளத்தில் தொட்டிக்குள் மட்டும் நடுங்கள். அவற்றின் கிழங்கு நுனி ஷீட்டைக் குத்திப்போகும். படியில் வல்லாரை, நீர்ப்பிரம்மி, பொன்னாங்கண்ணி. ஆகாயத்தாமரையை ஒரு செடிகூட விடாதீர்கள்.

புதுப் பாத்தியில் சித்திரையில் வெண்டையும் கொத்தவரையும் போடலாம். பாகலோ புடலையோ என்றால் பந்தலைக் குளத்தின் மேற்குப் பக்கம் போடுங்கள்: காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் அல்லிக்குக் கிடைக்கும், இரண்டு மணிக்கு மேல் பந்தல் நிழல் நீரில் விழும். அந்தப் பந்தலில் எந்த மருந்தும் தெளிக்காதீர்கள். வேப்பெண்ணெய்–சோப்புக் கரைசலும் மீனுக்கு ஆகாது. வாரம் ஒருமுறை குளத்து நீரில் பத்தில் ஒரு பங்கை, அதாவது 200 லிட்டரைப் பாத்திக்கு விட்டுப் புதுநீர் சேர்த்தால் இரண்டுக்கும் நல்லது. மீனுக்கு நோய் கண்டு உப்புப் போட்டிருந்தால் மட்டும் அந்த நீர் செடிக்குப் போகக் கூடாது.

நீர் குறைகிறதே என்ற கவலை

கோடையில் ஒரு நாளைக்கு 6 முதல் 8 மில்லிமீட்டர் ஆவியாகும். 48 சதுர அடிப் பரப்பில் அது 30 லிட்டர், இரண்டு வாளி. வாரத்துக்கு இரண்டு இஞ்ச் குறைவது இயல்பே. சந்தேகம் வந்தால் ஒரு வாளியில் நீர் நிரப்பிப் படியில், பாதி முங்கும்படி வையுங்கள். வாளியிலும் குளத்திலும் மட்டத்தைக் கோடிட்டு, மோட்டாரை நிறுத்தி, மூன்று நாள் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் ஆவிதான். குளம் மட்டும் கூடுதலாக இறங்கினால் ஒழுகல். அதை அப்படியே இறங்கவிடுங்கள். எந்த மட்டத்தில் நிற்கிறதோ ஓட்டை அங்கே இருக்கிறது. ஷீட் என்றால் அந்த மட்டத்தைச் சுற்றிக் கையால் தடவிப் பார்த்து, உலர்த்தி, அதே வகை ஷீட் துண்டைச் சூட்டில் ஒட்டுங்கள்; இ.பி.டி.எம். ரப்பர் சூட்டில் உருகி ஒட்டாது, அதற்கு அதற்கென்று உள்ள ஒட்டுப்பட்டை வேண்டும். சிமெண்ட் என்றால் விரிசலை ‘வி’ வடிவில் அரை இஞ்ச் கொத்தி, நனைத்து, மருந்து கலந்த 1:3 கலவையால் அடைத்து ஏழு நாள் ஈரம் வையுங்கள். உறையில் இணைப்பு விளிம்பைப் பாருங்கள். அடி வரை இறங்கியும் நிற்கவில்லையென்றால் சிமெண்டில் வடிகால் பைப்பின் கழுத்து. ஷீட்டில், கீழே வந்த பெருச்சாளி.